பொருளும் விளக்கமும்: வெம்பக்கோட்டை அகழாய்வுக் களஞ்சியத்தின் தரவமைப்பு குறித்த கருத்துரை

ஆய்வுச் சுருக்கம்

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டையில் நடைபெற்ற அகழாய்வுகள் பல்லாயிரம் தொல்பொருள்களை வெளிக்கொணர்ந்துள்ளன. இப்பொருள்கள் பற்றிய குறிப்புகள், ஒளிப்படங்கள், ஆய்வக முடிவுகள், அறிஞர் கருத்துகள் ஆகியவற்றைத் தாங்கும் மின்னுள்ளடக்கக் களஞ்சியத்தின் அட்டவணைகளை எவ்வாறு வகுப்பது என்பது கணினியாளரின் தனிச்சிக்கல் போலத் தோன்றினும், அது ஆய்வு முறையியல் சார்ந்த வினாவாகும். அட்டவணைகளை அகழாய்வுக் கட்டம்தோறும் பிரிப்பதைக் காட்டிலும், அவற்றை எழுதும் பொறுப்பு யாருடையது என்பதன் அடிப்படையில் ஒரே தரவுத்தளத்துள் தனித்தனி ஸ்கீமாக்களாகப் பிரிப்பதே தக்கது என்றும், கண்டதும் கருதியதும் ஒரே அட்டவணையில் கலத்தலாகாது என்றும், சொல்லடைவுப் பிரிவின் பொறுப்பைத் தமிழ்த்துறைகள் ஏற்க வேண்டும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: வெம்பக்கோட்டை, அகழாய்வுத் தரவு, உள்ளடக்கக் களஞ்சியம், ஸ்கீமா, சொல்லடைவு, யுனிகோடு.

முன்னுரை

அகழாய்வு என்பது திரும்பச் செய்ய இயலாத ஆய்வு. வேதியியல் சோதனை பிழைபட்டால் மறுமுறை செய்து பார்க்கலாம். சுவடியில் ஒரு பாடம் ஐயத்திற்குரியதாயின் மீண்டும் சுவடியைப் புரட்டலாம். ஒரு குழியின் மூன்றாம் மண்ணடுக்கை அகழ்ந்து அகற்றிய பின்னர் அம்மண்ணடுக்கு உலகில் இல்லை. அது இனி இருப்பது பதிவேட்டிலும் வரைபடத்திலும் ஒளிப்படத்திலும் மட்டுமே. எனவே பதிவின் அமைப்பு குலைந்தால், களமே இரண்டாம் முறை அழிந்ததாகப் பொருள்.

தமிழ்நாட்டில் அகழாய்வுகள் பெருகியுள்ள அளவுக்கு, அவற்றின் மின்பதிவுகள் எவ்வடிவில் நிலைபெற வேண்டும் என்னும் விவாதம் தமிழாய்வு இதழ்களில் பெருகவில்லை. கீழடி, கொற்கை, சிவகளை, வெம்பக்கோட்டை ஆகியவற்றின் காலம் பற்றியும் சங்க இலக்கியத்துடன் அவற்றின் உறவு பற்றியும் கட்டுரைகள் எழுதப்படுகின்றன. அக்கட்டுரைகள் அனைத்தும் எந்தத் தரவின்மேல் நிற்கின்றனவோ அத்தரவின் கட்டமைப்பு கணினி மையத்தின் வேலையாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படுகிறது. அவ்வாறு ஒதுக்குவது முறையன்று என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

களமும் தரவும்

வெம்பக்கோட்டை, சிவகாசிக்கு அண்மையில் பட்டாசுத் தொழிற்கூடங்கள் செறிந்த கரிசல் நிலப்பகுதியில் அமைந்த வட்டத் தலைநகர். வைப்பாற்றின் கரையில், விஜயகரிசல்குளம் ஊராட்சிக்கு உட்பட்ட மேட்டுப்பகுதியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் முதற்கட்ட அகழாய்வைத் தொடங்கியது. இரண்டாம் கட்டம் 2023 ஏப்ரலிலும் மூன்றாம் கட்டம் 2024 சூனிலும் தொடங்கின. முதற்கட்டத்தில் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட பொருள்களும் இரண்டாம் கட்டத்தில் நாலாயிரத்திற்கும் மேற்பட்ட பொருள்களும் பதிவாயின. நுண்கற்கருவிகள், சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், தக்களிகள், வட்டச் சில்லுகள், செப்புக் காசுகள், தந்தப் பொருள்கள், பொன்னணித் துண்டுகள் என அவற்றின் வகை விரிவானது. மூன்றாம் கட்டத்தில் கிடைத்த, திமிலுள்ள காளை உருவம் பொறித்த சூதுபவளக் கல் பரவலாக அறியப்பட்டதாகும்.

இப்பட்டியலைத் தரவாக மாற்றும்போது ஒவ்வொரு பொருளும் பல முகங்களைப் பெறுகிறது. ஒரு சங்கு வளையல் துண்டுக்குக் குழி எண், கால்பகுதி, மண்ணடுக்கு, ஆழம் ஆகிய இடக்குறிப்புகள் உண்டு. நீளம், தடிப்பு, எடை, ஒப்பனை ஆகிய உடற்குறிப்புகள் உண்டு. அதற்கு ஒளிப்படங்கள் உண்டு, வரைபடம் உண்டு. அதே மண்ணடுக்கில் கிடைத்த கரித்துண்டுக்கு ஆய்வக அறிக்கை உண்டு. அது வெம்பக்கோட்டையிலேயே அறுக்கப்பட்டதா, பிறவிடத்திலிருந்து வந்ததா என்ற கருத்து உண்டு. இக்குறிப்புகளை எழுதுவோர் ஒருவரல்லர். எழுதும் காலமும் ஒன்றன்று. மாறும் விரைவும் ஒன்றன்று. குழியில் அளந்த ஆழம் ஒருமுறை பதிவானபின் மாறக்கூடாது. பொருளின் விளக்கமோ பத்தாண்டுகளில் பலமுறை மாறலாம், மாறவும் வேண்டும். மாறாததும் மாறுவதும் ஒரே அட்டவணையின் ஒரே வரியில் அடுத்தடுத்த கட்டங்களில் அமரும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது.

ஸ்கீமா என்னும் பிரிவு

தரவுத்தளம் என்பதை ஒரு வளாகமாகக் கொண்டால், அட்டவணைகள் அதனுள் உள்ள பேழைகள். பேழைகளைக் குழுவாக வைத்துப் பூட்டும் அறைகளே ஸ்கீமாக்கள். ஒவ்வோர் அறைக்கும் தனிப்பெயர் உண்டு. தனித் திறவு உரிமை உண்டு. ஒரே பெயருடைய பேழை இரண்டு அறைகளில் இருக்கலாம். முழுமுகவரி கொண்டு அவை வேறுபடுத்தப்படும்.

இச்சொல் எல்லா மென்பொருள்களிலும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் மென்பொருளில் தரவுத்தளத்தின் உட்பிரிவே ஸ்கீமா. இவ்வசதி 2002இல் வெளியான அதன் 7.3ஆம் பதிப்பில் இடம்பெற்றது. மைஎஸ்கியூஎல் மென்பொருளில் ஸ்கீமாவும் தரவுத்தளமும் ஒன்றுக்கொன்று மாற்றுச்சொற்கள். ஆரக்கிளில் ஸ்கீமா ஒரு பயனருக்கு உரிய பொருள்களின் தொகுதி. ஆகவே 'தனி ஸ்கீமாவில் வைக்க' என்னும் ஒரே ஆணை மூன்று மென்பொருள்களில் மூன்று விளைவுகளைத் தரும். இக்கட்டுரை முதலாவது பொருளிலேயே இச்சொல்லை ஆள்கிறது: தளம் ஒன்று, அறைகள் பல.

பிரித்து வைத்தலின் பயனை வெம்பக்கோட்டை வட்டாரத்தினர்க்கு விளக்கிக் கூற வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வேறு. மருந்து செலுத்தும் அறை வேறு. முடிந்த சரக்கை இருத்தும் கிடங்கு வேறு. இடையே உரிய தொலைவு விடப்பட வேண்டும். ஓரறையில் இருக்கத்தக்க ஆட்களுக்கும் மருந்துக்கும் வரம்பு உண்டு. ஓரிடத்தில் தவறு நேரின் அது அடுத்த அறையைப் பற்றாதிருக்க வேண்டும் என்பதே அவ்விதிகளின் நோக்கம். அறைகள் பிரிந்திருப்பினும் ஆலை ஒன்றே, உரிமமும் ஒன்றே. விதி மீறப்பட்ட இடங்களில் நேர்ந்த உயிரிழப்புகளை இவ்வட்டாரம் நன்கறியும். தரவுப் பிழையால் உயிர் போவதில்லை எனினும், ஒரு பிழை அடுத்த அறைக்குப் பரவாமல் தடுப்பதே அங்கும் வகுப்பின் முதற்பயன்.

கட்டவாரிப் பிரிவின் குறை

பிரிக்க வேண்டும் என்றவுடன் எளிதில் தோன்றும் வழி, அகழாய்வுக் கட்டத்திற்கு ஒரு ஸ்கீமா என்பதாகும். நிதி கட்டவாரியாக ஒதுக்கப்படுகிறது. பதிவேடு கட்டவாரியாகத் தொடங்கப்படுகிறது. அறிக்கையும் கட்டவாரியாக எழுதப்படுகிறது. நிருவாக நடைமுறை அப்படியே தரவுத்தளத்துள் புகுவது இயல்பே. ஆயினும் ஆய்வு வினா எதுவும் நிதியாண்டின் எல்லையில் நிற்பதில்லை.

'சங்கு வளையலின் முடிந்த துண்டுகளும் அறுத்தபின் எஞ்சிய கழிவுத் துண்டுகளும் எந்த மண்ணடுக்குகளில் சேர்ந்து கிடைத்தன?' என்பது வெம்பக்கோட்டை பற்றிய அடிப்படையான வினாக்களுள் ஒன்று. கழிவு இருப்பின் தொழிற்கூடம் இருந்திருக்கலாம். முடிந்த வளையல் மட்டும் இருப்பின் வணிகமோ நுகர்வோ மட்டுமே உறுதியாகும். அகநானூற்றின் 24ஆம் பாடல், வளை அறுத்தெடுத்த பின் எஞ்சும் சங்கின் நுனியைப் பகன்றை அரும்புக்கு உவமையாக்குகிறது. கழிவுப்பொருளையே உவமையாக்கும் அளவுக்கு அத்தொழில் கண்முன் நிகழ்ந்தது என்பதற்கு அது சான்று. இலக்கியம் காட்டும் அக்கழிவைக் களத்தில் தேடுவோர் மூன்று கட்டங்களின் தரவையும் ஒருங்கே வினவ வேண்டும். கட்டவாரியாக அட்டவணைகள் பிரிந்திருப்பின், ஒரே வினாவை மூன்று முறை எழுதி விடைகளைக் கையால் இணைக்க நேரும். முதற்கட்டத்தில் 'சங்கு வளையல்' எனவும் அடுத்ததில் 'சங்கு வளையல் துண்டு' எனவும் பிறிதொன்றில் 'வளையல் (சங்கு)' எனவும் பதிவாகியிருந்தால் அக்கூட்டுத்தொகைக்கு மதிப்பில்லை.

களத்திற்கு ஒரு ஸ்கீமா என்னும் மாற்றுவழியிலும் இதே குறை உண்டு. க. இராஜனும் இரா. சிவானந்தமும் எழுதித் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2025இல் வெளியிட்ட சிந்துவெளிக் குறியீடுகள், தமிழகக் கீறல் குறியீடுகள் பற்றிய ஒப்பாய்வு, 140 இடங்களில் கிடைத்த 15,000க்கும் மேற்பட்ட குறியீடு பொறித்த பானையோடுகளைக் கருத்திற்கொண்டது. களங்களைக் கடந்த ஒப்பீட்டிலேதான் அதன் வலிமை உள்ளது. நாளை வெம்பக்கோட்டைக் குறியீடுகளையும் கீழடிக் குறியீடுகளையும் ஒப்பிட விழைவோருக்குக் களவாரிச் சுவர்கள் தடையாகும். எனவே கட்டமும் களமும் அட்டவணையில் ஒரு கட்டமாக, அதாவது பதிவின் ஒரு பண்பாக, இடம்பெற வேண்டுமேயன்றிச் சுவராக எழலாகாது.

பொறுப்புவாரிப் பிரிவு

அவ்வாறாயின் சுவர் எங்கே எழ வேண்டும்? எழுதுவோர் மாறும் இடத்தில் எழ வேண்டும் என்பதே இக்கட்டுரையின் விடை. வெம்பக்கோட்டைக் களஞ்சியத்திற்கு ஆறு ஸ்கீமாக்கள் போதுமானவை எனலாம்.

முதலாவது சூழல். குழி, கால்பகுதி, மண்ணடுக்கு, ஆழம், ஆயத்தொலைவுகள், அகழ்ந்த நாள் ஆகியன இங்கு அமையும். எழுதுபவர் களப் பொறுப்பாளர். கட்டம் முடிந்து சரிபார்க்கப்பட்டவுடன் இவ்வறை எழுத்துரிமையின்றிப் பூட்டப்பட வேண்டும். திருத்தம் தேவைப்படின் பழையதை அழிக்காது திருத்தக் குறிப்பாக மட்டுமே சேர்க்கப்பட வேண்டும். இரண்டாவது பொருள். தொல்பொருள் பதிவேட்டு எண், மூலப்பொருள், அளவு, எடை, உடைவு நிலை ஆகியன இதற்குரியவை. எழுதுபவர் பதிவாளர்.

மூன்றாவது படிமம். ஒளிப்படம், வரைபடம், முப்பரிமாணப் பதிவு ஆகியவற்றின் கோப்புகள் தரவுத்தளத்துக்கு வெளியே வைக்கப்பட்டு, அவற்றின் முகவரியும் எடுத்த நாளும் கோப்பு சிதையவில்லை என்பதைக் காட்டும் சரிபார்ப்பு எண்ணும் மட்டும் இங்குப் பதிவாக வேண்டும். அளவில் மிகப் பெரிதாக வளர்வது இப்பிரிவே. நான்காவது ஆய்வகம். கரிமக் காலக்கணிப்பு, உலோகப் பகுப்பாய்வு, எலும்பாய்வு ஆகியவற்றின் முடிவுகள், ஆய்வகம் தந்தவாறே மாற்றமின்றி இதில் இருக்கும்.

ஐந்தாவது சொல். பொருட்பெயர்கள், அவற்றின் வரையறைகள், ஒருபொருட் பன்மொழிகள், வட்டார வழக்குகள், இலக்கிய ஆட்சிகள் ஆகியவற்றின் அடைவு இது. ஆறாவது விளக்கம். பொருளின் பயன்பாடு, காலம், பண்பாட்டு உறவு குறித்த கருத்துகள், கருத்துரைத்தவர் பெயர், நாள், சான்றாகக் காட்டிய பதிவெண்கள் ஆகியவற்றுடன் இங்கு இடம்பெறும். ஒரு பொருளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் அருகருகே இருக்கலாம். ஒன்று மற்றொன்றை அழிக்காது.

இப்பிரிவால் அணுகல் உரிமையும் எளிதாகிறது. சூழல் ஸ்கீமாவின் துல்லியமான ஆயத்தொலைவுகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்துவிட்டால், காவலற்ற மேடுகளில் பொருள் தேடித் தோண்டுவோருக்கு அது வழிகாட்டியாகிவிடும். பிரித்தானியாவின் கையடக்கத் தொல்பொருள் திட்டம் பொதுமக்கள் கண்டெடுத்த பொருள்களை இணையத்தில் வெளியிடினும், கண்டெடுத்த இடத்தைத் துல்லியம் குறைத்தே காட்டுகிறது. ஓர் அறையைப் பூட்டிவிட்டு, அதிலிருந்து ஊர்ப்பெயர் அளவிலான குறிப்பை மட்டும் காட்சி அட்டவணை வழியாக வெளியிடுவது ஸ்கீமாப் பிரிவில் இயல்பாக அமையும். எல்லாம் கலந்த ஒரே பேரட்டவணையில் ஒவ்வொரு கட்டத்திற்கும் தனித்தனியே காவல் வைக்க வேண்டிவரும்.

கண்டதும் கருதியதும்

இவ்வாறு பிரிவுகளுள் இரண்டாவதற்கும் ஆறாவதற்கும் இடையிலான சுவரே இன்றியமையாதது. தமிழில் 'பொருள்' என்னும் சொல் கைக்குப் புலனாகும் பண்டத்தையும் சொல்லின் அர்த்தத்தையும் ஒருங்கே குறிக்கும். மொழியில் இது வளம். பதிவேட்டில் இது குழப்பம்.

பானையோட்டை வட்டமாக நறுக்கி விளிம்பு தேய்த்த சில்லுகள் தமிழகக் களங்களில் மிகுதியாகக் கிடைக்கின்றன. அவை 'விளையாட்டுச் சில்லு' என்ற பெயரில் பதிவாவது வழக்கம். இன்றும் ஊர்ச்சிறுமியர் பாண்டியாட்டத்திற்கு ஓட்டுச்சில்லைப் பயன்படுத்துவதால் இப்பெயர் பொருத்தமாகவே படுகிறது. ஆயினும் கண்டது வட்ட ஓடு. விளையாட்டு என்பது கருதியது. அது கலத்தின் வாய்மூடியாகவோ எடையாகவோ வேறொன்றாகவோ இருந்திருக்கலாம். பெயரிலேயே விளக்கம் பதிந்துவிட்டால், விட்டத்தையும் எடையையும் வைத்து மாற்றுக் கருதுகோளைச் சோதிக்க வருபவர்முன் வினா தொடங்கும் முன்னரே விடை நிற்கும்.

வெம்பக்கோட்டைச் செய்திகளில் இடம்பெற்ற சுடுமண் 'புகைபிடிப்பான்' இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வருகைக்குப் பின்னரே இந்தியாவில் பரவியது. எனவே அப்பெயரை ஏற்பவர், அறிந்தோ அறியாமலோ, மூன்று முடிவுகளுள் ஒன்றை ஏற்கிறார்: அப்பொருள் பிற்காலத்தது, அல்லது புகையிலை அல்லாத ஒன்று புகைக்கப்பட்டது, அல்லது அது புகைபிடிக்கும் கருவியே அன்று. பொருள் ஸ்கீமாவில் 'துளையுடைய சுடுமண் குழல்' என்றும், விளக்க ஸ்கீமாவில் 'புகைபிடிப்பான், கருதியவர் இன்னார்' என்றும் பதிவாகுமாயின் மூன்று வழிகளும் திறந்திருக்கும்.

காலக்கணிப்பிலும் இதே நெறி பொருந்தும். ஆய்வகம் தருவது கரிம ஆண்டும் அதன் பிழை வரம்பும் ஆகும். அதனை நாட்காட்டி ஆண்டாக மாற்ற அளவுத்திருத்த வளைவு தேவை. அவ்வளைவு அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. 2013ஆம் ஆண்டு வளைவின் இடத்தை 2020ஆம் ஆண்டு வளைவு பெற்றது. வளைவு மாறினால் நாட்காட்டி ஆண்டின் வரம்பும் மாறக்கூடும். ஆய்வக எண் மாறாது. எண்ணை ஆய்வக ஸ்கீமாவிலும், எந்த வளைவைக் கொண்டு எப்போது கணிக்கப்பட்டது என்ற குறிப்புடன் நாட்காட்டி ஆண்டை விளக்க ஸ்கீமாவிலும் வைப்பதே முறை.

கண்டதைக் கருதியதிலிருந்து பிரித்து வைப்பதன் பயனுக்குத் தமிழறிஞர் ஒருவரின் பணியே சான்று. ஐராவதம் மகாதேவன் கணினியின் துணையுடன் உருவாக்கி 1977இல் வெளியிட்ட சிந்துவெளி எழுத்துத் தொடரடைவு, குறியீடுகளையும் அவை கிடைத்த இடத்தையும் பொருள்வகையையும் உடன் அமைந்த உருவங்களையும் எண்குறிகளால் பதிவு செய்தது. அவருக்கெனத் திராவிடக் கருதுகோள் இருந்தது, அதனை அவர் தனிக்கட்டுரைகளில் முன்வைத்தார், தொடரடைவினுள் புகுத்தவில்லை. ஆதலால் சிந்துவெளிக் குறியீடுகள் மொழியைச் சுட்டுவன என்போரும் அதனை மறுப்போரும் அத்தொகுப்பையே பயன்படுத்தி வாதிட முடிந்தது. தரவின் பெருமை அதை எதிர்ப்பாளரும் நம்பிப் பயன்படுத்துவதில் உள்ளது.

கீழடியின் முதலிரு கட்ட அகழாய்வு அறிக்கையைத் திருத்துமாறு இந்தியத் தொல்லியல் அளவீட்டுத் துறை 2025இல் கேட்டபோது எழுந்த விவாதம் காலப்பகுப்பையும் அதன் பெயரீட்டையும் பற்றியது. இத்தகைய பூசல்கள் வெம்பக்கோட்டைக்கும் வரக்கூடும். அப்போது மண்ணடுக்கும் ஆய்வக எண்ணும் விளக்கத்திலிருந்து பிரிந்து, பூட்டப்பட்டு, யாவரும் காணும் நிலையில் இருப்பின், வாதம் அதிகாரத்தைச் சார்ந்து நில்லாது சான்றைச் சார்ந்து நிற்கும்.

பெயரும் எழுத்தும்

அட்டவணைகளுக்குத் தமிழில் பெயரிட இயலுமா என்ற வினாவும் இங்கு எழுகிறது. இயலும், ஆனால் கணக்கு அறிந்து இட வேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஒரு பெயருக்கு 63 பைட் மட்டுமே இடமளிக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியுரு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனிக் குறியுருக்கள். 'வெம்பக்கோட்டை' என்னும் பெயர் மட்டுமே 13 குறியுருக்கள், 39 பைட். ஊர்ப்பெயரையும் பொருட்பெயரையும் அடிக்கோட்டால் இணைத்து 'வெம்பக்கோட்டை_சங்குவளையல்' என ஓர் அட்டவணைக்குப் பெயரிட்டால் 73 பைட் ஆகும். மென்பொருள் பெயரை மறுக்காது. ஓர் அறிவிப்புடன் வெட்டிவிடும். 'வெம்பக்கோட்டை_சங்குவள' என்பதே எஞ்சும். ஸ்கீமாவின் பெயரும் அட்டவணையின் பெயரும் தனித்தனியே எண்ணப்படுவதால், முன்னொட்டு கோப்பதினும் ஸ்கீமாவாகப் பிரிப்பது தமிழ்ப்பெயர்களுக்கு உகந்தது.

இதனினும் நுட்பமானது, ஒரே சொல் இருவகையாகப் பதிவாதல். 'கோ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியுருவாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். தட்டச்சு முறைகள் வேறுபடும் இரண்டு அலுவலகங்களில் பதிவான 'வெம்பக்கோட்டை' ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகலாம். யுனிகோடு வரையறுத்த இயல்பாக்க முறையை உள்ளிடும் இடத்திலேயே கட்டாயமாக்கினால் இச்சிக்கல் தீரும். 'ஔ' என்னும் எழுத்துக்கு மாற்றாக 'ஒ', 'ள' என இரண்டெழுத்து இடும் வழக்கத்தை அம்முறை தீர்க்காது; அதற்குச் சொல்லடைவே காவல். அகரவரிசையும் அத்தகையதே. குறியுரு எண்ணின்படி அடுக்கினால் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வந்து நெடுங்கணக்கு குலையும். மொழிக்குரிய வரிசைமுறையைத் தரவுத்தளம் தொடங்கும்போதே தேர்ந்தமைத்தல் வேண்டும்.

இவை கணினிப் பொறியாளர் தாமே உணர்ந்து செய்வன என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. தக்களி எது, மணி எது, சில்லு எது என வரையறுப்பதும், வட்டார வழக்கை இலக்கிய வழக்கோடு இணைப்பதும், நெடுங்கணக்கு முறையைக் காப்பதும் தமிழ்த்துறையின் தொழில். சொல் ஸ்கீமாவின் எழுத்துரிமை ஒரு பல்கலைக்கழகத் தமிழ்த்துறையிடம் இருப்பதும், ஏனைய அறைகளில் அதற்குப் படிப்புரிமை மட்டும் இருப்பதும் நடைமுறைக்கு ஒவ்வும் ஏற்பாடே.

பிரிந்தவற்றைப் பிணைத்தல்

பிரித்தல் பாதி வேலை, பிணைத்தல் மறுபாதி. தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களாகவும் அதிகாரத்திற்கு ஒன்பதாக இருபத்தேழு இயல்களாகவும் பிரிந்திருப்பினும், ஓர் அதிகாரத்துக் கலைச்சொல் மற்றோர் அதிகாரத்திலும் அதே பொருளில் வழங்குவதால் அது ஒரே நூலாக நிற்கிறது. களஞ்சியத்திற்கும் அத்தகைய பிணைப்பு வேண்டும்.

முதற்பிணைப்பு, பொருளுக்கு வழங்கும் மாறா எண். எவ்வறையில் எப்பதிவு அமைந்தாலும் அவ்வெண்ணாலேயே அது பொருளைச் சுட்ட வேண்டும். ஒரே தரவுத்தளத்தின் ஸ்கீமாக்களுக்கு இடையே அயல்திறவுகோல் செல்லுபடியாகும். இல்லாத பொருளுக்கு விளக்கம் எழுத முயன்றால் தளமே தடுக்கும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் தனித்தனித் தரவுத்தளங்களாகப் பிரித்துவிட்டால் அக்காவல் இல்லாமற்போகும். அறைகள் பல இருக்கலாம், வளாகம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதன் தொழில்நுட்பக் காரணம் இதுவே.

இரண்டாவது, முழுமுகவரி வழக்கம். இரண்டு ஸ்கீமாக்களில் ஒரே பெயருடைய அட்டவணை இருக்கும்போது, ஸ்கீமாப் பெயர் கூறாது வினவினால், தேடல் வரிசையில் முதலில் நிற்கும் அறையிலிருந்தே விடை வரும். பிழைச்செய்தி தோன்றாது; தவறான எண்ணிக்கையே சரியானதுபோல் தோன்றும். ஆதலால் வினவல்களில் ஸ்கீமாப் பெயரை ஒருபோதும் விடலாகாது.

மூன்றாவது, காப்புநகல். சூழலைத் திங்களன்றும் பொருளைப் புதனன்றும் நகலெடுத்தால், இடையில் சேர்ந்த பொருளுக்கு நகலில் சூழல் இராது. முழுத்தளத்தையும் ஒரே கணத்து நிலையில் நகலெடுப்பதே பாதுகாப்பு.

ஆயத்த உள்ளடக்கக் களஞ்சிய மென்பொருள்களைப் பற்றியும் ஒரு குறிப்பு தேவை. 2005இல் ஏற்கப்பட்ட ஜாவா உள்ளடக்கக் களஞ்சியத் தரத்தைப் பின்பற்றிய அப்பாச்சி ஜாக்ராபிட் போன்றவை, பணிவெளிக்கும் பதிப்பு வரலாற்றுக்கும் தனித்தனிச் சேமிப்பை அமைக்க வழி தருகின்றன. அட்டவணைப் பெயர்களுக்கு முன்னொட்டு இடவும் வழியுண்டு. பதிப்பு வரலாற்றைத் தனித்து வைக்கும் அவற்றின் சிந்தனை கொள்ளத்தக்கது. ஆனால் அவற்றின் அட்டவணைகளில் உள்ளடக்கம் இருமக் கட்டாகப் பொதிந்திருப்பதால், அம்மென்பொருள் இன்றி அதைப் படிப்பது அரிது. நூறாண்டு கடந்தும் படிக்கப்பட வேண்டிய தரவுக்கு, மனிதர் கண்ணால் படிக்கத்தக்க வெளிப்படையான அட்டவணையே தக்கது. ஓலையைப் படிக்க ஓலை மட்டும் போதும் என்ற நிலைக்கு எவ்வளவு அருகில் செல்ல இயலுமோ அவ்வளவு நல்லது.

எதிர்வாதங்கள்

இவ்வமைப்பு சிக்கலானது, களப்பணியாளர் சிலரே உள்ள இடத்தில் ஒரே விரிதாள் போதும் என்பது முதல் எதிர்வாதம். அகழ்ந்த நாளில் விரிதாள் போதுமானதே. களத்தில் எழுதும் படிவம் எளிமையாகவே இருக்கலாம். ஆறு அறைகளாகப் பகுக்கும் வேலையைப் பின்னணியில் மென்பொருள் செய்யும். எளிமை எழுதுபவருக்கு வேண்டும். தெளிவு தளத்திற்கு வேண்டும்.

கண்டதையும் கருதியதையும் முற்றாகப் பிரிக்க இயலாது; 'வட்ட ஓடு' என்பதும் ஒரு விளக்கமே என்பது இரண்டாம் எதிர்வாதம். இது வலிமையுடையது. எந்த வருணனையும் பார்வையற்ற பார்வையன்று. எனினும் இரண்டுக்கும் இடையே அளவு வேறுபாடு உண்டு. 'வட்டம்' என்பதை அளந்து மறுக்கலாம். 'விளையாட்டு' என்பதை அளந்து மறுக்க முடியாது. சுவரை எங்கு எழுப்புவது என்பதில் கருத்து வேறுபடலாம். சுவரே வேண்டா என்பது அதனால் பெறப்படாது.

விளக்கங்களைப் பன்மையில் அனுமதித்தால் தகுதியற்ற கருத்துகளும் புகுந்துவிடும் என்பது மூன்றாவது. கருத்துரைத்தவர் பெயரும் சுட்டிய சான்றின் பதிவெண்ணும் கட்டாயமாக்கப்படும்போது சான்றற்ற கருத்து தானே வெளிப்படும். மறைத்து வைப்பதைக் காட்டிலும் சான்றோடு நிறுத்துவதே ஆய்வு நெறிக்கு ஏற்றது.

முடிவுரை

வைப்பாற்றங்கரை மேட்டில் அகழப்பட்ட குழிகளின் மண் மீண்டும் அடுக்காகாது. அவ்வடுக்குகளை இனிக் காப்பவை அட்டவணைகள். அவற்றைக் கட்டவாரியாக உடைப்பது நிருவாகத்திற்கு எளிது, ஆய்விற்கு இடர். ஒரே பேரட்டவணையில் குவிப்பது தொடங்குவதற்கு எளிது. பின்னர்க் கண்டதையும் கருதியதையும் பிரித்தறிய வழியில்லை. எழுதுவோரின் பொறுப்பை ஒட்டிச் சூழல், பொருள், படிமம், ஆய்வகம், சொல், விளக்கம் என ஆறு ஸ்கீமாக்களாக, ஒரே தரவுத்தளத்துள், ஒரே மாறா எண்ணால் பிணைத்து வைப்பதே இவ்விரு குறைகளையும் தவிர்க்கும் வழி.

இதில் தமிழ்த்துறைகள் பார்வையாளராக நிற்பதற்கு இடமில்லை. சொல்லடைவுக்கு உரியோர் வராவிடின் அவ்வறை வெறுமையாகக் கிடக்கும். அல்லது ஆங்கிலக் கலைச்சொற்களின் அரைகுறை மொழிபெயர்ப்பால் நிரம்பும். வெம்பக்கோட்டையின் சங்குக் கழிவைச் சங்கப் பாடலின் உவமையோடு ஒப்பிட நாளை ஒரு மாணவர் வருவார். அவர் இரண்டையும் காண வேண்டும். ஒன்று மற்றொன்றாக முன்னரே மாற்றப்பட்டிருப்பதைக் காணலாகாது. அடுத்த கட்ட அகழாய்வின் முதற்குழி குறிக்கப்படும் முன்னரே அதற்கான சொற்பட்டியல் அணியமாக இருப்பின், அம்மாணவருக்கு அதுவே பேருதவியாகும்.